சாப்பிடுவது உடம்பில் ஒட்டுகிறதா? மாத்திரை, சத்து, உணவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடையில் மருந்தாளுநராக நிற்பவனிடம் விலைக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படுவது, "இதை எப்போது போட வேண்டும், எதோடு போட வேண்டும், இத்தனை நாள் போட்டும் ஏன் ஏறவில்லை?" என்பதுதான். கூட்டத்துக்கு நடுவே அரை நிமிடத்தில் சொல்லி அனுப்பிய பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்களின் பாணி கெடாமல் விட்டிருக்கிறேன். எந்த மருந்தைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்பதெல்லாம் மருத்துவர் முடிவு. அவர் எழுதிக் கொடுத்ததை வீணாக்காமல் சாப்பிடுவது எப்படி என்பது மட்டுமே இங்கே பேச்சு.

மாத்திரை வயிற்றில் கரைந்து அங்கேயே இரத்தத்தில் கலந்துவிடும், அப்படித்தானே?

கரைவது பெரும்பாலும் இரைப்பையில், கலப்பது சிறுகுடலில். இரைப்பை உறிஞ்சுவது மிகக் குறைவு. அதற்கு அடுத்துள்ள சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். அதன் உட்சுவர் முழுக்க மடிப்புகளும், மடிப்புகளின் மேல் குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய நீட்சிகளும் இருப்பதால் பரப்பு பல மடங்கு பெருகுகிறது. ஒவ்வொரு பொருளும் ஏறும் இடமும் வேறு. இரும்பு, குடலின் தொடக்கப் பகுதியில் ஏறுகிறது. வைட்டமின் பி12 கிட்டத்தட்டக் கடைசி வரை பயணம் செய்து, சிறுகுடல் முடியும் இடத்தில்தான் ஏறுகிறது.

குடலைத் தாண்டியதும் வேலை முடிவதில்லை. குடலிலிருந்து கிளம்பும் இரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. சில மருந்துகளின் பெரும்பகுதியைக் கல்லீரல் அந்த முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வது இதனால்தான். வாயின் அடிப்பகுதி இரத்தக் குழாய்கள், கல்லீரல் வழியாகப் போகாமல், மருந்தை நேரே இதயத்துக்குக் கொண்டு சேர்க்கும். அவசரத்தில் அதை விழுங்கிவிட்டால் வேலை தாமதமாகும், குறைவாகவும் நடக்கும்.

அட்டையில் 500 மி.கி. என்று போட்டிருந்தால் 500-ம் உடம்பில் சேருமா?

மருந்தைப் பொறுத்தது. மெட்ரோநிடசோல் போன்றவை கிட்டத்தட்ட முழுவதும் சேரும். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையில் 70 மி.கி. இருக்கிறது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், சொன்னது சொன்னபடி சாப்பிட்டாலும் உள்ளே போவது அரை மில்லிகிராம் அளவுதான். காபியோடு சாப்பிட்டால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். இந்தக் கழிவையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் அளவு நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே "பாதிதான் சேருமாமே, இரண்டாகப் போடட்டுமா?" என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்கிறீர்கள். முன்னே பின்னே ஆனால் என்ன குடிமுழுகிவிடும்?

பாராசிட்டமால் மாதிரி பல மருந்துகளுக்கு ஒன்றும் ஆகாது. சிலவற்றுக்கு ஆகும். பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். உணவு வந்து அமிலச் சுரப்பு முடுக்கிவிடப்படும் நேரத்தில் மருந்து இரத்தத்தில் இருந்தால்தான் அதைத் தடுக்க முடியும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை உணவோடோ உணவு முடிந்ததுமோ கொடுப்பது வயிற்றைப் புரட்டாமல் இருக்க.

படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல் கேப்சூலுக்குக் கதை வேறு. அது கரைவதற்கு அமிலமும் உணவும் வேண்டும். வயிறார உண்டவுடன் போட வேண்டும். அதையே வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, கூடவே கேஸ் மாத்திரையும் போட்டுக்கொண்டு, "இரண்டு மாதமாகியும் அரிப்பு போகவில்லை" என்பவர்கள் ஏராளம். "வெறும் வயிறு" என்றால் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, அல்லது உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து. இரண்டு பிஸ்கட்டும் உணவுதான்.

காபியோடுதான் எப்போதும் மாத்திரை போடுகிறேன். இதுவரை ஒன்றும் ஆனதில்லையே?

ஆகியிருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதுதான் சிக்கல். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸினை எடுத்துக்கொள்வோம். காலை எழுந்ததும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. டபராவும் டம்ளரும் காத்திருக்கட்டும். உடனே காபி குடித்தால் மருந்து குறைவாக ஏறும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவு இறங்காது, மருத்துவர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒரு நாள் நீங்கள் காபியை விட்டுவிட்டால் அதே அளவு அதிகமாகிப் படபடப்பு வரும். காலையில் காபி இல்லாமல் முடியவே முடியாது என்றால், இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரமாவது கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அது அங்கீகரிக்கப்பட்ட வழிதான்.

இரும்புக்கு டீ இன்னும் பெரிய எதிரி. உணவோடு டீ குடித்தால் அந்த உணவிலுள்ள இரும்பு ஏறுவது பாதிக்கும் கீழே போகலாம். காபியும் குறைக்கும், டீ அளவுக்கு இல்லை. உணவுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

பால் சத்தானதுதானே? பாலோடு மாத்திரை சாப்பிட்டால் கூடத் தெம்புதானே வரும்?

பாலிலுள்ள கால்சியம், சில மருந்துகளைப் பிடித்துக்கொண்டு கரையாத பொருளாக மாற்றிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக்குகள் இதில் முதன்மையானவை. பாலோடு போட்டால் கிருமியைக் கொல்லப் போதிய அளவு இரத்தத்துக்கு வராது. தயிர், கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, ஜெலுசில் போன்ற அமில முறிப்புக் குழம்புகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

டெட்ராசைக்ளின் வகையிலேயே டாக்ஸிசைக்ளினை மட்டும் பால் அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு உடனே படுத்துவிடக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுதும் குடித்து, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காருங்கள்.

மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேன். ரத்தம் ஏறவே இல்லை. கம்பெனி சரியில்லையா?

கம்பெனியை மாற்றச் சொல்லி வருபவர்களில் பெரும்பாலோருக்கு மாற்ற வேண்டியது நேரம்தான். முதலில் நீங்கள் எதோடு போடுகிறீர்கள் என்று பாருங்கள். வயிறு புரட்டுகிறது என்று சாப்பாட்டோடு, கூடவே கால்சியம், முடிந்ததும் டீ என்றால் மூன்று தடை. உணவுகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் தண்ணீரில் போடுவது நல்லது. புரட்டல் தாங்கவில்லை என்றால் கொஞ்சம் உணவோடு போடலாம். போடாமலே இருப்பதைவிட அது மேல்.

அடுத்தது, இந்தப் பதினைந்து ஆண்டுகளில் நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயம். கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடல் வாசலில் நிற்கும் காவலாளி அது. ஒரு வேளை இரும்பு அதிக அளவில் வந்தவுடன், ஒரு நாள் முழுக்கக் கதவை இறுக்கிவிடும். அந்த நேரத்தில் இரண்டாவது மாத்திரை போட்டால் உள்ளே ஏறுவது குறையும். ஏறாத இரும்பு குடலிலேயே தங்கி மலச்சிக்கலையும் வயிற்று வலியையும் தரும். 2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இரும்பு குறைந்த பெண்களுக்குத் தினமும் 60 மி.கி. கொடுத்தும், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தும் அளந்து பார்த்தார்கள். தினமும் போட்டவர்களுக்கு ஏறியது சுமார் 16 சதவீதம். ஒருநாள் விட்டுப் போட்டவர்களுக்குச் சுமார் 22 சதவீதம். அதனால் இப்போது பல மருத்துவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அரசுத் திட்டத்தில் தருவது தினமும் 60 மி.கி.; அதை நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால், மாத்திரையை விட்டுவிட்டு ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். அதிக மாதவிடாய், மூலம், குடற்புண், கொக்கிப்புழு எல்லாம் பட்டியலில் உண்டு. தலசீமியா என்னும் பரம்பரைக் குறை இருந்தாலும் இரத்தச்சோகை இருக்கும். அதற்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை.

எலுமிச்சைச் சாறோடு இரும்பு மாத்திரை போடச் சொல்கிறார்களே?

உணவிலிருக்கும் இரும்புக்கு அது நல்ல யோசனை. கீரை, பயறு, தானியங்களிலுள்ள இரும்பு 2 முதல் 20 சதவீதம் வரைதான் ஏறும். இறைச்சி, ஈரலில் உள்ளது 15 முதல் 35 வரை. சுண்டலில் எலுமிச்சை பிழிவதும், சாப்பாட்டோடு நெல்லிக்காய்ப் பச்சடி வைப்பதும் அந்த முதல் எண்ணைக் கூட்டும். மாத்திரையில் இரும்பு ஏற்கெனவே ஏராளம் என்பதால் இந்த உதவி பெரிதாகத் தேவைப்படுவதில்லை. 2020இல் வெளியான சீன ஆய்வொன்றில், இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே மாதிரிதான் ஏறியது. எலுமிச்சைச் சாறு குடிக்கப் பிடித்திருந்தால் குடியுங்கள். அதற்காகத் தனி வைட்டமின் சி அட்டை வாங்க வேண்டாம்.

மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது.

இரும்பு மாத்திரை போடுபவர்களுக்கு அது இயல்பு. ஏறாமல் மிஞ்சிய இரும்பின் நிறம். தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் அது குடலில் இரத்தக் கசிவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பி காம்ப்ளக்ஸ் போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறது. சத்தெல்லாம் வீணாகிறதா?

அந்தப் பளிச்சென்ற மஞ்சள், ரிபோஃப்ளேவின் என்னும் பி2-இன் நிறம். சிறுநீரில் வருகிறது என்றாலே அது குடலில் ஏறி, இரத்தத்தில் சுற்றி, தேவைக்கு மேற்பட்டதைச் சிறுநீரகம் வெளியேற்றியது என்று பொருள். உறிஞ்சுதல் நன்றாகவே நடந்திருக்கிறது, தேவைதான் இல்லை. ஒரு நாளுக்கு உடம்பு கேட்பது 2 மி.கி. அளவு, பல கேப்சூல்களில் 10 மி.கி. இருக்கிறது.

வைட்டமின் சி-யும் இப்படித்தான். உணவில் கிடைக்கும் அளவுகளில் 70 முதல் 90 சதவீதம் வரை ஏறும். ஒரே வேளையில் ஒரு கிராமுக்கு மேல் போனால் பாதிகூட ஏறாது. சத்து மாத்திரைகளில் பெரிய எண்ணுக்குப் பெரிய விலை கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, விற்பவன் சொல்கிறேன்.

கால்சியம் மாத்திரை ராத்திரி வெறும் வயிற்றில் போட்டால் நல்லதாமே?

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் என்றிருந்தால் அமிலம் வேண்டும், உணவோடு போடுங்கள். கால்சியம் சிட்ரேட் என்றிருந்தால் எப்போது வேண்டுமானாலும் போடலாம். கேஸ் மாத்திரை தொடர்ந்து சாப்பிடும் வயதானவர்களுக்கு இதுவே பொருத்தம். 1250 மி.கி. கார்பனேட்டில் கால்சியம் 500 மி.கி.தான்; மீதி கார்பனேட். ஒரே வேளையில் 500-க்கு மேல் போட்டால் ஏறும் விகிதம் குறைகிறது. இரண்டு மாத்திரை எழுதியிருந்தால் இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள்.

வைட்டமின் டி பொடியை வாரம் ஒன்று என்கிறார்கள். தினமும் போட்டால் சீக்கிரம் ஏறுமே?

ஏறும், அதுதான் ஆபத்து. அந்தப் பொட்டலத்தில் 60,000 யூனிட் இருக்கிறது. பி, சி போல மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது; டி கொழுப்பில் கரைவது, உடம்பில் தங்குவது. தினமும் போட்டு இரத்தத்தில் கால்சியம் எகிறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பழுது என்று மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. எட்டு வாரம் என்றால் எட்டு வாரம். பிறகு கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

சரியாக ஏற வேண்டுமானால் எண்ணெயோ நெய்யோ உள்ள பெரிய உணவோடு போடுங்கள். வெறும் வயிற்றிலோ லேசான உணவோடோ போட்டு அளவு ஏறாதவர்களை, நாளின் பெரிய உணவோடு மாற்றிப் போடச் சொன்னபோது சராசரியாகப் பாதிக்கு மேல் கூடியதாக அமெரிக்காவில் 2010இல் வந்த ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. கொழுப்பு நீக்கிய பாலில் கலக்கிக் குடிப்பவர்கள் யோசிக்கலாம்.

பி12-க்கு ஊசிதான் சிறந்தது, மாத்திரை வேலை செய்யாது என்கிறாரே பக்கத்து வீட்டுக்காரர்?

இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் பி12-ஐப் பிடித்துக் குடலின் கடைசி வரை கூட்டிக்கொண்டு போகிறது. அந்தப் புரதத்தால் ஒரு வேளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராம்தான் சுமக்க முடியும். ஆனால் அது இல்லாமலேயே, கொடுத்த அளவில் ஏறத்தாழ ஒரு சதவீதம் தானாகக் கசிந்து ஏறும். 1,000 மைக்ரோகிராம் மாத்திரை கொடுப்பது இந்தக் கணக்கில்தான்: ஒரு சதவீதம் என்றாலும் 10 மைக்ரோகிராம், அன்றாடத் தேவையைவிடப் பல மடங்கு. ஆகவே மாத்திரையும் வேலை செய்யும். கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாட்டம், ஞாபகக் குறைவு என்று நரம்பு பாதித்திருந்தால் ஊசியில் தொடங்குவார்கள். அங்கே தாமதத்துக்கு இடமில்லை.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பால், தயிரில் பி12 உண்டு. புளித்த இட்லி மாவையோ சுருள்பாசியையோ (ஸ்பைருலினா) நம்பி இருக்க முடியாது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி, உடம்பு பயன்படுத்த முடியாத போலி பி12.

மஞ்சள் பாலில் மிளகு போட்டால் 2,000 சதவீதம் கூடுதலாக ஏறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

எண் உண்மை, பயன்படுத்திய விதம் தப்பு. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் 2 கிராமோடு, மிளகிலுள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தார்கள். இரத்தத்தில் குர்குமின் அளவு 2,000 சதவீதம் கூடியது. ஆனால் தனியாகக் கொடுத்தபோது ஏறியது கண்டுபிடிக்கவே முடியாத அளவு சொற்பம். சொற்பத்தின் இருபது மடங்கும் பெரிதல்ல. மேலும் மஞ்சள் தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவுதான். 2 கிராம் வேண்டுமானால் அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள் தூளைப் பாலில் கரைக்க வேண்டும்! தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று குடியுங்கள், தவறில்லை.

பைப்பரின் மஞ்சளோடு நிற்பதில்லை. குடலும் கல்லீரலும் மருந்துகளைச் சிதைக்கும் வேகத்தையே அது குறைக்கிறது. இதை வைத்தே ஜம்முவிலுள்ள அரசு ஆய்வு நிறுவனத்தின் உழைப்பில், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை வழக்கமான 450 மி.கி.க்குப் பதில் 200 மி.கி.யாகக் குறைத்து, 10 மி.கி. பைப்பரின் சேர்த்த கூட்டு மருந்து 2009இல் சந்தைக்கு வந்தது. அதே காரணத்தால், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுபவர்கள் பைப்பரின் சேர்த்த குர்குமின் கேப்சூல்களை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரசத்தில் போடும் மிளகைப் பற்றிப் பேசவில்லை, கேப்சூலைச் சொல்கிறேன்.

காய்கறி, கீரையைப் பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து முழுதாகக் கிடைக்கும் என்கிறார்களே?

வைட்டமின் சி-க்குச் சரி. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள, உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினுக்குத் தலைகீழ்: வேகவைத்து, ஒரு கரண்டி எண்ணெயில் தாளித்தால்தான் நன்றாக ஏறும். நம் பாட்டிமார் பொரியல் செய்ததில் அறிவியல் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு, ருசி இருந்தது. சத்தும் கூடவே வந்தது.

அட்டவணையில் இருக்கும் எண் வேறு, ஏறும் அளவு வேறு என்பதற்குப் பாலக்கீரை நல்ல உதாரணம். அதில் கால்சியம் நிறைய உண்டு. ஆக்சலேட்டும் நிறைய உண்டு. ஆக்சலேட் கட்டிப்போடுவதால் ஏறுவது 5 சதவீதம் அளவு. பாலில் சுமார் 30. தானியம், பயறுகளில் ஃபைட்டேட் இதே வேலையைச் செய்கிறது. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 350 மி.கி. அளவுக்கு இருக்கிறது. ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்கவைப்பது எல்லாம் ஃபைட்டேட்டைக் குறைக்கும். முளைகட்டிய கேழ்வரகு மாவு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

காய்ச்சலுக்கு ஊசி போட்டால்தான் சீக்கிரம் கேட்கும். மாத்திரை எழுதி அனுப்புகிறார், என்ன டாக்டர்?

நல்ல டாக்டர். பாராசிட்டமால் மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். லினசோலிட் போன்ற வலுவான ஆன்டிபயாடிக்கூட வாய்வழியே கிட்டத்தட்ட முழுதும் ஏறுகிறது. விடாத வாந்தி, நினைவிழப்பு, கடும் தொற்று, குடல் வேலை செய்யாத நிலை ஆகியவற்றுக்கு ஊசி வேண்டும். இன்சுலினுக்கும் வேண்டும்; அதை விழுங்கினால் குடல் அதைப் பருப்பைச் செரிப்பது போலச் செரித்துவிடும்.

"ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்" என்பதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அரை லிட்டர், 5 சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிக்கு மேல் இல்லை. இரண்டு இட்லி அதைக் கொடுத்துவிடும்.

வயிற்றுப்போக்கில் குடிப்பதெல்லாம் வெளியே போகிறது. ஓ.ஆர்.எஸ். மட்டும் எப்படி நிற்கும்?

வயிற்றுப்போக்கின்போதும் சிறுகுடலில் ஒரு பாதை திறந்தே இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் மட்டும் அது உள்ளே விடும். அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். 1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் விளக்கிய இந்த இயக்கம்தான், ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் அடிப்படை. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, இரத்தக் குழாய் வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஜோடி சரியான அளவில் இருக்க வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர், சிறியது என்றால் 200 மில்லி, அட்டையில் போட்டிருக்கும். சுவைக்காகக் கூடுதல் சர்க்கரை போட்டால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். பெட்டியில் அடைத்த பழச்சுவைப் பானங்களும், குளிர்பானங்களும் இதற்கு மாற்று அல்ல.

அப்பாவால் பெரிய மாத்திரையை விழுங்க முடியவில்லை. தூளாக்கிக் கொடுக்கலாமா?

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் கூடாது. பன்னிரண்டு, இருபத்துநான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் கொட்டிவிடும். குடலில் போய்க் கரைய வேண்டிய பூச்சு கொண்ட மாத்திரைகளையும் உடைக்கக் கூடாது. இரைப்பை அமிலம் மருந்தைக் கெடுத்துவிடும். நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரையை உடைக்கலாம். பல மருந்துகள் சிரப்பாகவும் கிடைக்கின்றன, கடையில் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான ஓர் இடமும் உண்டு. மாரடைப்பு என்று சந்தேகித்து மருத்துவர் ஆஸ்பிரின் கொடுக்கச் சொன்னால், கடித்து மென்று சாப்பிட வேண்டும். அப்போதுதான் வேகமாக ஏறும்.

மாத்திரை மலத்தில் முழுசாக வந்துவிட்டது! காசு போச்சா?

மேலே சொன்ன நீடித்து வெளிவிடும் வகையாக இருந்தால் போகவில்லை. சில மெட்ஃபார்மின் மாத்திரைகளின் கூடு மட்டும் அப்படியே வெளியே வரும். மருந்து வழியிலேயே கசிந்து ஏறியிருக்கும். சாதாரண மாத்திரை அப்படி வந்தால் சொல்லுங்கள்.

குடற்புழு மாத்திரையை உணவோடு கொடுப்பதா, வெறும் வயிற்றிலா?

அல்பெண்டசோல் உடம்பில் மிகக் குறைவாகவே ஏறும். புழு இருப்பது குடலுக்குள் என்பதால் ஏறாமல் அங்கேயே நிற்பதுதான் நமக்கு வேண்டியது. பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளில் கொடுப்பதை நன்றாக மென்று விழுங்கச் செய்தால் போதும். அதே மருந்தை மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டிகளுக்குக் கொடுக்கும்போது இரத்தத்தில் ஏறியாக வேண்டும். அப்போது நெய், எண்ணெய் உள்ள உணவோடு கொடுப்பார்கள். பல மடங்கு அதிகம் ஏறும். மருந்து ஒன்றுதான், ஏற வேண்டுமா என்பது நோய் இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

பத்து வருடமாக கேஸ் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறேன். இவை சத்தை உறிஞ்ச விடாதாமே?

பாதி உண்மை. உணவிலுள்ள பி12 புரதத்தோடு பிணைந்திருக்கும். அதைப் பிரிக்க அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்கிறது. மெட்ஃபார்மின், குடலின் கடைசிப் பகுதியில் பி12 ஏறுவதைக் குறைக்கிறது. இரண்டையும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்கள் பி12 பரிசோதனை செய்துகொள்வது அவசியம். பாதம் மரத்தால் "சர்க்கரை நரம்பு" என்று விட்டுவிடாதீர்கள். பி12 குறைவும் அதையே செய்யும். மாத்திரையிலுள்ள பி12 எதோடும் பிணைந்திராததால் அமிலம் இல்லாமலும் ஏறும்.

மெட்ஃபார்மினை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. கேஸ் மாத்திரையை மட்டும் எதற்காகத் தொடங்கினோம், இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நான்கு வாரத்துக்கு எழுதியது நாற்பது மாதம் ஓடுவதைத் தினமும் பார்க்கிறேன்.

அம்மாவுக்குப் பார்க்கின்சன். மதியம் பருப்பு, முட்டை சாப்பிட்ட நாட்களில் மாத்திரை பிடிப்பதே இல்லை. என் கற்பனையா?

இல்லை, கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்கள். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா, புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் ஏறும் அதே வழியில்தான் குடலைத் தாண்டுகிறது. மூளைக்குள் நுழைவதும் அதே வழியில். புரதம் அதிகமான உணவுக்குப் பின் நெரிசலில் மருந்து பின்தங்கிவிடும். உணவுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுத்துப் பாருங்கள். சிலருக்குப் பகலில் புரதத்தைக் குறைத்து இரவு உணவில் வைக்கச் சொல்வார்கள். மொத்தப் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள், உடல் மெலியும்.

மருந்து எவ்வளவு நன்றாக ஏறுகிறதோ அவ்வளவு நல்லதுதானே?

அளவு தப்பினால் கெடுதல். 1989இல் கனடாவில், ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தைக் கிரேப்ஃப்ரூட் சாறோடு கொடுத்தபோது இரத்தத்தில் அதன் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக எகிறியது தற்செயலாகத் தெரியவந்தது. குடல் சுவரிலேயே மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழம் முடக்குகிறது. நம் ஊர்ச் சந்தைகளில் கிடைக்கும் பம்பளிமாஸ் அதே குடும்பம். அதே வகைப் பொருள்கள் அதிலும் உண்டு. அட்டோர்வாஸ்டாடின் போன்ற கொழுப்புக் குறைப்பு மருந்துகளோ, சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பின்னான மருந்துகளோ சாப்பிடுபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. இதற்கு டானிக் உண்டா?

டானிக் வாங்கும் முன் மலத்தைக் கவனியுங்கள். வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு, மிதந்து, அலம்பினாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் கொழுப்பு ஏறாமல் வெளியேறுகிறது. கூடவே எடை குறைவும், எத்தனை மாத்திரைக்கும் சரியாகாத இரத்தச்சோகையும் இருந்தால் கோளாறு குடலிலோ கணையத்திலோ இருக்கலாம். 1960களில் வட ஆற்காடு கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோயாகவே பரவியதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்தார்கள். குடலுறிஞ்சிகள் மழுங்கி, உண்டது ஏறாமல் மக்கள் மெலிந்தார்கள். ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் இதற்கு வழக்கமான சிகிச்சை. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், காசநோய், நாள்பட்ட கணைய அழற்சி ஆகியவையும் இப்படி மெலிய வைக்கும். குடல் மருத்துவரைப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லாமல், இயல்பாகவே ஒல்லியான ஆள் என்றால் எதுவும் வாங்க வேண்டாம்.

தம்பி, தைராய்டு, சர்க்கரை, கேஸ், இரும்பு, கால்சியம், வாரம் ஒரு டி. ஒன்றோடு ஒன்று சேரக் கூடாது என்றால் நான் எப்போதுதான் சாப்பிடுவது?

முடியும் அம்மா. விடியற்காலை ஐந்தரைக்குத் தைராய்டு, தண்ணீரோடு. ஆறரைக்குக் காபி. ஏழு மணிக்குக் கேஸ் மாத்திரை, ஏழரைக்குச் சிற்றுண்டி, முடிந்ததும் சர்க்கரை மாத்திரை. பதினோரு மணிக்கு இரும்பு. தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியத்துக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும், இதில் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது. ஒன்றரைக்கு மதிய உணவோடு கால்சியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதோடு வைட்டமின் டி. இரவு உணவோடு இரண்டாவது சர்க்கரை மாத்திரை, இரண்டாவது கால்சியம் இருந்தால் அதுவும். கேஸ் மாத்திரை தைராய்டு, இரும்பு இரண்டையுமே கொஞ்சம் குறைக்கும். அது நேரத்தை மாற்றித் தீர்வதில்லை. கேஸ் மாத்திரையும் கூடவே சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரும்பை ஒருநாள் விட்டு ஒருநாள் எழுதியிருந்தால் ஒற்றைப்படைத் தேதிகளில் போடுங்கள், மறக்காது. 31-க்கு அடுத்து 1 வரும்போது இரண்டு நாள் சேர்ந்து வரும். அதனால் ஒன்றும் ஆகிவிடாது.